பாதையோரத்துச் சொத்தும் அதன் கிரயமும்

ரயில் வண்டியில் பிரயாணம் செய்வோர் ஜன்னல் வழியே வயலையும் குளத்தையும் பார்த்துக்கொண்டு செல்கின்றனர். தண்டவாளத்துக்குப் பக்கத்திலே, மண்ணுக்கடியில், அவர்களுடன் கூடவே வரும் பெருஞ்சொத்து ஒன்று உண்டென்பது அவர்களிற் பெரும்பாலோர்க்குத் தெரியாது. கண்ணாடியிழைக் கம்பி என்பது அதன் பெயர். முன்னாளில் பாதையோரத்துத் தந்திக் கம்பங்கள் செய்துவந்த வேலையை இந்நாளில் இக்கம்பியே செய்கிறது. அதற்கு மேலும் எத்தனையோ செய்கிறது. நமது தேசத்தில் ரயில் பாதைகளை ஒட்டி ஏறத்தாழ 60,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இது போடப்பட்டிருக்கிறது. இதனைப் பராமரிப்பதற்கும், ரயில்வேயின் தேவை போக மிஞ்சியதை வெளியாருக்கு வாடகைக்கு விடுவதற்குமாக, 2000ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ரெயில்டெல் என்னும் கம்பெனியை மத்திய சர்க்கார் ஸ்தாபித்தனர்.

பொதுப் போக்குவரத்து ஸ்தாபனங்களின் வசமிருக்கும் இத்தகைய கம்பிகளையும் கோபுரங்களையும் விற்றுப் பணமாக்கலாம், அப்பணத்தைக் கொண்டு வண்டிகளைப் பெருக்கலாம், நிலையங்களைச் சீர்ப்படுத்தலாம் என்னும் யோசனை பல தேசங்களில் பிரஸ்தாபத்தில் இருந்துவருகிறது. நமது தேசத்திலும் அது வேரூன்றிவிட்டது. யோசனையைச் சொல்பவர் யாவரும் தேசத் துரோகிகளென்று நாம் கூறமாட்டோம். விதைநெல்லைக் குத்தித் தின்கிறார்கள் என்று மேடைமீது நின்று கூச்சலிடுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் 2022-23ஆம் வருஷத்தில் 100 ரூபாய் சம்பாதிப்பதற்கு நமது ரயில்வே 98 ரூபாய்க்குமேல் செலவிட்டது என்பதை அறிந்தோர், கைமுதலின்றித் தத்தளிக்கும் நிர்வாகம் தன் வீட்டிலுள்ள பண்டத்தை எடைபோட்டுப் பார்ப்பதைக் குற்றமென்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஆராய வேண்டிய விஷயங்கள் மூன்று: விற்கப்படுவது உண்மையிலே மிஞ்சிய பண்டந்தானா? விலை நியாயமானதா? கிடைத்த பணம் எங்கே போயிற்று? இவற்றில் மூன்றாவதே பிரதானமானது என்பது நமது அபிப்பிராயம். மூன்றாவதைப் பற்றித்தான் எவரும் பேசுவதில்லை.

சட்டம் படித்தோர் அனைவரும் அறிந்த பழைய வழக்கொன்றை இங்கே நினைவூட்டுவது பொருத்தமாகும். 1856ஆம் வருஷம் லண்டன் பிரிவி கௌன்ஸிலார் அனுமான் பிரசாத் பாண்டேயின் வழக்கிலே ஒரு தீர்ப்பளித்தனர். மைனர் ஒருவனுடைய எஸ்டேட்டை அவன் தாயார் நிர்வகித்து வந்தார். அதை அடமானம் வைத்தது செல்லுமா என்பது கேள்வி. பிறருக்காகச் சொத்தை நிர்வகிப்பவரின் அதிகாரம் எல்லைக்குட்பட்டது. தவிர்க்க முடியாத அவசியத்தை முன்னிட்டோ, அச்சொத்தின் நன்மையை முன்னிட்டோதான் அதனைப் பராதீனம் செய்யலாம் என்று நீதிபதிகள் கூறினர். நமது மாகாணத்துக் கோயில் நிலங்களுக்கும் இதே தர்மந்தான். 1959ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, கோயிலுக்கு அவசியமானது அல்லது நன்மை பயப்பது என்று கமிஷனர் அனுமதித்தாலன்றி, நிலத்தின் கிரயமும் அடமானமும் ஐந்து வருஷங்களுக்கு மேற்பட்ட குத்தகையும் செல்லாது. ஊர்க்கோயிலின் அரைக்காணி நிலத்துக்கு இத்தனை காவல் இருக்கிறது. கோடிக்கணக்கான ஜனங்களின் வரிப்பணத்தாலும் டிக்கட் பணத்தாலும் உண்டான சொத்துக்கு இதிற் பாதிக் காவலேனும் உண்டா?

பிரிவி கௌன்ஸில் தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. அதை வக்கீல்கள் மறப்பதில்லை, பொது ஜனங்களுக்குத்தான் தெரியாது. கடன் கொடுப்பவன் அவசியம் இருக்கிறதா என்று நேர்மையுடன் விசாரித்தால் போதும். கொடுத்த பணம் எவ்வாறு செலவாயிற்று என்று பார்ப்பது அவனுடைய கடமையன்று. அப்படியானால் அதைப் பார்க்க வேண்டியவர் யார்? சொத்துக்கு உடையவர்தாம். மைனர் வயது வந்தபின் கணக்குக் கேட்கலாம். ஜனங்களோ வயது வந்தவர்கள், இன்றே கேட்கலாம்.

இனி நடந்த சம்பவத்துக்கு வருவோம். 2021ஆம் வருஷம் பிப்ரவரி 16 முதல் 18 வரை ரெயில்டெல் கம்பெனியின் பங்குகள் பொது ஜனங்களுக்கு விற்கப்பட்டன. பங்கொன்றின் உச்ச விலை 94 ரூபாய். மொத்தப் பங்குகளில் 27.16 சதவிகிதம் கைமாறிற்று. கிடைத்த தொகை சுமார் 819 கோடி ரூபாய். விண்ணப்பங்கள் 42 மடங்கு வந்து குவிந்தன. பத்திரிகைகள் இதனைப் பெருவெற்றியென்று கொண்டாடின. கவனிக்க வேண்டியது யாதெனில், புதுப் பங்கு ஒன்றுகூட அப்போது வெளியிடப்படவில்லை. சர்க்கார் தம் கையிலிருந்த பழைய பங்குகளையே விற்றனர். ஆகையால் 819 கோடியில் ஒரு காசும் கம்பெனிக்குச் சேரவில்லை. ஒரு முழக் கம்பி அதனாற் புதிதாக நீளவில்லை. பணம் மத்திய சர்க்காரின் பொதுப் பொக்கிஷத்திற் கலந்தது. 2020-21ஆம் வருஷத்தில் பொதுத்துறைப் பங்குகளை விற்று 2,10,000 கோடி ரூபாய் திரட்டுவதென வரவு செலவுத் திட்டத்திற் கூறியிருந்தனர். வருஷ முடிவில் கிடைத்ததோ சுமார் 33,000 கோடிதான். பிப்ரவரி மாதத்தில் ஏன் இத்தனை அவசரம் என்பது இதனால் விளங்கும். குடும்பத்தின் அவசியத்துக்காக விற்பது ஒன்று. வருஷக் கணக்கில் விழுந்த துண்டை மூடுவதற்காக விற்பது மற்றொன்று.

இவ்விற்பனையில் கம்பியே பறிபோய்விட்டது என்று சிலர் பேசுகின்றனர். அது தவறு. அவ்விற்பனைக்குப் பின்னும் 72.84 சதவிகிதப் பங்குகள் சர்க்கார் வசமே இருந்தன. கம்பி ஓடும் நிலம் ரயில்வேயினுடையது. 2024ஆம் வருஷத்தில் அப்பங்கு 500 ரூபாயைக் கடந்தது. ஆதலின் 94 ரூபாய்க்கு விற்றது கொள்ளை என்று வாதிப்போரும் உண்டு. பங்குச் சந்தையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பிரமாணமாக வைத்துக்கொண்டு வழக்காடுவது சரியான முறையன்று. ஏறிய விலை இறங்கவும் கூடும். நமது ஆட்சேபம் விலையைப் பற்றியதன்று. ரயில்வேயின் பாதையை அண்டி வளர்ந்த ஒரு ஸ்தாபனத்தின் பங்கை விற்ற பணம், ரயில் பிரயாணிகளுக்கு எவ்விதத்தில் உதவிற்று என்று காட்டுவதற்குக் கணக்கே இல்லை என்பதுதான் நமது ஆட்சேபம். முதியோருக்கு அளித்துவந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது. மறுவருஷம் இப்பணம் வந்தபோது, அதில் ஒரு பகுதியைக் கொண்டு அச்சலுகையைச் சில காலமேனும் மீட்டிருக்கலாமே என்று கேட்பவனுக்குச் சொல்லத்தக்க விடை எந்த ஏட்டிலும் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் நமது நாட்டில் ரயில் பாதை போட்டபோது, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி உண்டென்று சர்க்கார் உறுதி கூறினர். குறைந்ததை இந்தியக் குடியானவனின் வரி நிரப்பிற்று. தாதாபாய் நௌரோஜி முதலிய பெரியோர் இதனைக் கண்டித்துப் பேசியது சரித்திரப் பிரசித்தம். நமது பக்கத்து சௌத் இந்தியன் ரயில்வேயும் மதராஸ் சதர்ன் மராட்டா ரயில்வேயும் சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்தது 1944ஆம் வருஷத்திலேதான். இதனிடையே, 1920இல் நியமிக்கப்பட்ட அக்வொர்த் கமிட்டியார் ரயில்வேயின் வரவு செலவைப் பொது வரவு செலவினின்றும் பிரிக்க வேண்டுமெனச் சிபாரிசு செய்தனர். 1924இல் அவ்வாறே பிரிக்கப்பட்டது. அந்நிய ஆட்சியிலே நேர்ந்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. ரயில்வே என்ன சம்பாதித்தது, சர்க்காருக்கு என்ன கொடுத்தது, தனக்கென்று என்ன வைத்துக்கொண்டது என்பதை எவரும் தனியே பார்க்கக்கூடியதாயிற்று. 2017ஆம் வருஷத்தில் தனி ரயில்வே பட்ஜெட் நின்றது. 93 வருஷத்து வேலி அகற்றப்பட்ட பின்பு, ரயில்வேயின் சொத்தை விற்ற பணம் ரயிலுக்கே சேர வேண்டுமென்று கோருவதற்கு இருந்த பழைய ஆதாரமும் தளர்ந்துவிட்டது.

பாதையோரத்துக் கம்பி மிஞ்சிய பண்டமா என்பதையும் பார்ப்போம். ஸ்டேஷன் மாஸ்டர் கட்டுப்பாட்டு அறையுடன் பேசுவதும், டிக்கட் பதிவு செய்வதும், சரக்கு வண்டிகளின் இருப்பிடம் தெரிவதும் இத்தகைய கம்பி வழியாகத்தான். 2020 ஜூலையில் ‘கவச்’ என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டைத் தேசத்துக்குரிய முறையாகச் சர்க்கார் ஏற்றுக்கொண்டனர். சிவப்பு விளக்கைத் தாண்டும் வண்டியைத் தானே தடுத்து நிறுத்தும் யந்திரம் அது. இஞ்சினில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டால் கவச் வந்துவிடாது. பாதை நெடுகக் கோபுரங்கள் வேண்டும், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கண்ணாடியிழைக் கம்பி வேண்டும். 2021 ஜூன் மாதத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் 5 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ரயில்வேக்கென ஒதுக்கினர். அதைக் கொண்டு ஐந்து வருஷங்களிற் செய்ய வேண்டிய வேலைக்கு 25,000 கோடி ரூபாய்க்குமேல் ஆகுமென மந்திரி சபையே மதிப்பிட்டது. இத்தொகைக்குப் பக்கத்தில் 819 கோடியை வைத்துப் பாருங்கள். ஒரு கையால் விற்றதைப் போல் முப்பது மடங்கை மறு கையால் அதே இனத்தில் முதலீடு செய்ய வேண்டிய காலத்தில், தந்தி சம்பந்தமான சொத்தை ரயில்வேக்குப் புறம்பானதென்று நினைப்பது எவ்வளவு பொருந்தும்?

இதே பாடத்தை இங்கிலாந்து விலைகொடுத்துக் கற்றது. 1990களில் அத்தேசத்து ரயில்வேயைத் துண்டு துண்டாக்கித் தனியாருக்கு விற்றபோது, பாதையோரத்துத் தந்தி அமைப்பையும் தனிக் கம்பெனியாக்கினர். 1995 டிசம்பரில் ரேக்கல் என்னும் கம்பெனி அதனை 13 கோடியே 27½ லட்சம் பவுனுக்கு வாங்கிற்று. நான்கு வருஷத்துக்குள், 1999இல், ரேக்கல் தன் தந்தி வியாபாரத்தைக் குளோபல் கிராஸிங் என்னும் கம்பெனிக்கு ஏறக்குறைய 100 கோடி பவுனுக்கு விற்றுவிட்டது. அத்தொகையில் ரேக்கலின் பிற தந்தி வியாபாரங்களும் அடங்கும் என்பதை நியாயத்தின் பொருட்டுக் கூறிவிடுகிறோம்; இன்டர்நெட் மோகம் உச்சத்திலிருந்த காலம் என்பதையும் கூறிவிடுகிறோம். வாங்கிய கம்பெனி 2002 ஜனவரியில் திவாலா மனுக் கொடுத்தது. ஆயினும், மோகமும் திவாலாவும் யார் தலையில் விடிந்தாலும், இடையிலிருந்த பெருலாபம் ரயில் பிரயாணிக்குச் சேரவில்லை.

அதற்கு மேல் நடந்ததைத்தான் நமது உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டும். பாதைகளை வாங்கிய ரெயில்ட்ராக் கம்பெனி 2001இல் நொடித்தது. அதன் இடத்தில் 2002இல் வந்த நெட்வொர்க் ரெயில், இஞ்சின் ஓட்டியும் சிக்னல்காரரும் நேரே பேசிக்கொள்வதற்கான புதிய ரேடியோ முறையைத் தேசமெங்கும் அமைக்க வேண்டியதாயிற்று. அதற்காகப் பாதையோரமாகத் தன் சொந்தக் கம்பியைப் புதிதாகப் போடலாயிற்று. கிணற்றோடு தோட்டத்தை விற்றுவிட்டு, குடிதண்ணீருக்காக முற்றத்தில் வேறு கிணறு வெட்டிய கதை இது. 2025 ஜூன் மாதத்தில் அதே நெட்வொர்க் ரெயில் தனியார் கம்பெனிகளுடன் வேறு மாதிரி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. சுமார் 1,000 கிலோமீட்டர் பாதையில் கம்பி போடும் முதலை அவர்கள் தருவர். ரயில்வே தன் தேவைக்கு எடுத்துக்கொள்ளும். மிஞ்சியதை அவர்கள் வியாபாரம் செய்வர். முப்பது வருஷங்களுக்குப் பின் கிரயத்திலிருந்து கூட்டு விவசாயத்துக்கு வந்திருக்கின்றனர்.

தனியார் முதலாளிகளே இதில் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தனர் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு திருஷ்டாந்தம். ஸதர்ன் பஸிபிக் ரயில்வே கம்பெனி தன் சொந்தத் தேவைக்காக வைத்திருந்த தந்தி அமைப்பிலிருந்தே ஸ்பிரிண்ட் என்னும் டெலிபோன் வியாபாரம் முளைத்தது. அது 1983இல் பிறருக்கு விற்கப்பட்டது. பின்னர் அந்த ரயில்வேயை வாங்கிய ஆன்ஷுட்ஸ் என்னும் முதலாளி, பாதையோரமாகக் கண்ணாடியிழைக் கம்பி போடும் தொழிலைத் தொடங்கினார். 1996இல் ரயில்வே யூனியன் பஸிபிக்குடன் சேர்ந்தபோது, தண்டவாளத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பித் தொழிலைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். க்வெஸ்ட் என்னும் பெருங் கம்பெனி அவ்வாறு உருவாயிற்று. அவருடைய நோக்கம் லாபம். அவரை நாம் மெச்சவில்லை. ஆனால் ஒரு பாதையின் ஓரத்திலுள்ள சில அடி அகல மண்ணுக்குத் தண்டவாளத்தைக் காட்டிலும் மதிப்பு வரக்கூடுமென்று ஒரு வியாபாரிக்குத் தெரிந்திருந்தது.

நமது நாட்டில் நடந்த வி.எஸ்.என்.எல். விற்பனையிலும் கற்கவேண்டியது உண்டு. 2002 பிப்ரவரியில் அக்கம்பெனியின் 25 சதவிகிதப் பங்குகளை 1,439 கோடி ரூபாய்க்கு டாட்டா குழுவினருக்கு விற்று, நிர்வாகத்தையும் ஒப்படைத்தனர். சில மாதங்களுக்குள் கம்பெனியின் கையிருப்பிலிருந்து 1,200 கோடியை அதே குழுவின் வேறொரு கம்பெனியில் முதலீடு செய்யப் புது நிர்வாகம் தீர்மானித்தபோதுதான், பார்லிமெண்டில் இரைச்சல் எழுந்தது. நிபந்தனை எழுதும்போது தூங்கிவிட்டுப் பிறகு கூவுவதாற் பயனென்ன? ஆயினும் ஒரு விஷயத்தில் விழிப்பாயிருந்தனர். கம்பெனிக்குத் தேவைப்படாத 773 ஏக்கர் நிலம், சென்னையில் உள்ளது உட்பட, விற்பனையில் சேராதபடி ஒதுக்கிவைக்கப்பட்டது. அதனைப் பிரித்து வேறு கம்பெனியின் பேரில் மாற்றி முடிப்பதற்குப் பதினேழு வருஷங்கள் சென்றனவெனினும், நிலம் தப்பிற்று. ஒப்பந்தத்திலே ஒரு வாசகம் செய்யும் காரியத்தை நூறு கண்டனக் கூட்டங்கள் செய்யமாட்டா.

2021 ஆகஸ்டில் சர்க்கார் வெளியிட்ட பொதுச்சொத்துப் பணமாக்கும் திட்டம் இவற்றையெல்லாம் ஒரே ஜாபிதாவில் சேர்த்தது. நான்கு வருஷங்களில் 6 லட்சம் கோடி ரூபாய். அதில் ரயில்வேயின் பங்கு சுமார் 1,52,000 கோடி. டெலிபோன் துறையின் பங்கு 35,100 கோடி. 400 ரயில் நிலையங்கள், 90 பிரயாணி வண்டிகள், 4 மலை ரயில்கள், கிராமங்களுக்கு இன்டர்நெட் கொண்டுசெல்லும் பாரத்நெட் கம்பியில் 2,86,000 கிலோமீட்டர், பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். கம்பெனிகளின் 14,917 கோபுரங்கள் என நீண்டது அந்த ஜாபிதா. உடைமை சர்க்காருடையதாகவே இருக்கும், குறித்த காலத்துக்கு அனுபோகம் மாத்திரமே தரப்படும் என்று அதில் எழுதியிருந்ததை நாம் ஒப்புக்கொள்கிறோம். கிரயத்தைவிட அது மேலானது. ஆனால் காரியம் எப்படி நடந்தது? பாரத்நெட் கம்பியை 16 மாகாணங்களில் தனியாரிடம் ஒப்படைப்பதற்கு விடுத்த டெண்டருக்கு ஒருவரும் முன்வரவில்லை. 2023 ஆகஸ்டில் சர்க்காரே 1,39,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட புதிய திட்டத்தை அதற்கென வகுக்க நேர்ந்தது. ரயில்வேயிலோ முதல் வருஷத்து இலக்கு 17,810 கோடியாயிருக்க, கிடைத்தது அதற்கு வெகு தூரத்தில் நின்றது. லாபமுள்ள இடத்துக்கே தனியார் முதல் வரும். லாபமில்லாத கிராமத்துக்கு அது வராது. அதில் வியப்பில்லை, அவர்கள் தர்மசத்திரம் நடத்துவதாகச் சொல்லவில்லை. வியப்பு, வருவார்களென்று நம்பிக் கணக்கெழுதியவர்களைப் பற்றியதே.

ஸ்டேஷன்களில் இலவச இன்டர்நெட் வந்த கதையையும் இங்கே ஒரு வரியிற் சொல்லலாம். 2016 ஜனவரியில் பம்பாய் சென்ட்ரலில் கூகிள் கம்பெனியுடன் சேர்ந்து ரெயில்டெல் அதனைத் தொடங்கிற்று. 400 ஸ்டேஷன்களுக்குமேல் பரவியபின், 2020இல் கூகிள் விலகிக்கொண்டது. கம்பி சர்க்கார் கம்பெனியினுடையதாயிருந்தபடியால் சேவை நிற்கவில்லை. 6,000 ஸ்டேஷன்களுக்கு மேலும் அது விரிந்தது. பரீட்சைக்குப் படிக்கும் ஏழை மாணவர்கள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அதனைப் பயன்படுத்திவந்தது பலரறிந்த செய்தி. கம்பியும் கூட்டாளியும் ஒருவரேயாயிருந்து அவர் விலகியிருப்பாரானால், அம்மாணவர்கள் என்ன செய்திருப்பர்?

ஆகவே நாம் கோருவது அதிகமன்று. ரயிலின் பாதுகாப்புக்கும் நிர்வாகத்துக்கும் வேண்டிய இழைகளும் கோபுரங்களும், இன்னும் இருபது வருஷத்துத் தேவையையும் சேர்த்துக் கணக்கிட்டு, விற்பனைக்கும் குத்தகைக்கும் அப்பாற்பட்டவை என்று சட்டத்தினால் வரையறுக்கப்பட வேண்டும். மிஞ்சியதைக் குத்தகைக்கு விடலாம், கிரயம் கூடாது. குத்தகைக் காலம் முடிந்தபின் சொத்து எந்த நிலையில் திரும்ப வேண்டும் என்பதும், குத்தகைதாரர் நொடித்தால் யார் நடத்துவது என்பதும் பத்திரத்தில் தெளிவாயிருக்க வேண்டும்; பத்திரமும் ஜனங்கள் படிக்கும்படி வெளியாக வேண்டும். வரும் தொகை பொதுப் பொக்கிஷத்திற் கரையாமல் தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, இன்ன பாதைக்குக் கவச், இன்ன பகுதிக்கு இத்தனை வண்டிகள் என்று முன்கூட்டியே பெயர் குறித்த வேலைகளுக்கே செலவாக வேண்டும். கோயில் நிலத்தை விற்க அனுமதி கேட்கும் தர்மகர்த்தாவிடம், பணத்தை எதில் முதலீடு செய்யப்போகிறாய் என்று கேட்கத்தான் செய்கிறோம்.

2025ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டப் பிரசங்கத்திலே, 2025 முதல் 2030 வரை இரண்டாவது பணமாக்கும் திட்டம் ஒன்று வருமென்றும், அதனால் 10 லட்சம் கோடி ரூபாய் புதிய வேலைகளிலே திரும்ப முதலீடு செய்யப்படுமென்றும் நிதி மந்திரியார் கூறினார். திரும்ப முதலீடு என்ற வார்த்தை நல்ல வார்த்தை. அந்த 10 லட்சம் கோடியில் ரயில்வேயின் கம்பியாலும் கோபுரத்தாலும் நிலத்தாலும் வருவது எவ்வளவு, அது எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைக்கப்படும், அதே தலைப்பிலிருந்து தென்பகுதி ரயில்வேக்குத் திரும்புவது எவ்வளவு என்பதை நமது மாகாணத்துப் பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் எழுத்து மூலம் கேட்டு விடை பெற வேண்டும். 2021இல் வந்த 819 கோடி எந்த வேலைக்குச் செலவாயிற்று என்பதை அக்கேள்விகளில் முதலாவதாக வைப்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.